உறையும் உரையும்



தில்லிக் குளிரில் பால் தயிராவது எளிதன்று என்பதை இந்நகரில் குடியிருக்கும் தமிழர் அனைவரும் அறிவர். சென்ற மார்கழியில், பன்னிரண்டு வயதான என் மகள் ஊரிலுள்ள தன் பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினாள். 'இரவு பாலுக்கு நானே உரை ஊற்றினேன். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது' என்பது அதிலிருந்த செய்திகளுள் ஒன்று. அஞ்சலட்டையில் மறுமொழி வந்தது: 'பாலுக்குப் பேச்சு எதற்கடி, மோரை ஊற்று.'

பாட்டி வேடிக்கையாகத்தான் எழுதினார். மகளோ கண் கலங்கி, இனித் தமிழில் கடிதம் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டாள். இந்திக்கு ஒரு ரகரம் போதுமென்றால் தமிழுக்கு மட்டும் இரண்டு எதற்கு என்பது அவள் கேள்வி. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கும் உடனே விடை வரவில்லை. காரணம் வெளிப்படை. வீட்டில் நானே இரண்டையும் ஒன்றுபோல்தான் ஒலிக்கிறேன். காதில் விழாத வேற்றுமையைக் குழந்தையின் கை எவ்வாறு அறியும்?

தொல்காப்பியர் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துள்ளார். நாவின் நுனி மேலண்ணத்தை வருடினால் ரகரம். அழுந்த ஒற்றினால் றகரம். முன்னது இடையினம், பின்னது வல்லினம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த வல்லின எழுத்து முன்பு இருந்தது. இன்றைய எழுத்து வழக்கில் மறைந்துவிட்டது. மலையாளத்தார் நாவில் மட்டும் அது குன்றாமல் வாழ்கிறது. ஆகவே மகளை எதிர்வீட்டு மலையாள அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன். பாலுக்கு ஊற்றும் 'உற'வையும், தேய்த்தலைக் குறிக்கும் 'உரய்க்குக' என்பதையும் அவர் சொல்லிக் காட்டினார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். தமிழின் வேற்றுமையை அவள் முதன்முதலாகக் காதால் கேட்டது மலையாளத்தில்தான்!

வீடு திரும்பியதும் சொற்களை எடுத்துக்கொண்டோம். உறைதல் என்றால் தங்குதல். உறைவிடம் அதிலிருந்து வந்தது. நெய் குளிரில் உறைகிறது, நீர் பனிக்கட்டியாய் உறைகிறது. ஓடும் பொருள் ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. வாள் தங்குவது உறை, தலையணைக்கு இடுவது உறை, கடிதத்தை இடுவதும் உறை. கிணற்று மண் சரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாய் இறக்கும் சுடுமண் வளையத்துக்கும் அதுவே பெயர். 2015-இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் இத்தகைய உறைகிணறுகள் வெளிப்பட்டன. சோழரின் பழைய தலைநகரான உறையூரை மகள் தானாகவே நினைவுகூர்ந்தாள். மிளகாய் நாவில் உறைப்பதும், சுடுசொல் மனத்தில் உறைப்பதும் இந்த றகரமே. பாட்டியின் அஞ்சலட்டை அவளுக்கு உறைத்ததும் அப்படித்தான்.

உரை வேறு குடும்பம். உரைத்தால் சொல்லுதல், உரைத்தால் தேய்த்தலும் ஆம். பொன்னைத் தேய்த்து மாற்றறியும் கல் உரைகல். திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதியது உரை. மூலத்தைத் தேய்த்துத் தேய்த்து அதன் மாற்றைக் காட்டுவதால்தான் அப்பெயரோ என்று எனக்கு ஓர் ஆசை எண்ணம் உண்டு. இலக்கணம் அதை ஒப்பவேண்டும் என்பதில்லை. நான் இப்போது உங்கள்முன் நிகழ்த்துவதும் உரையே. பால் இதனால் தயிராகாது.

அன்றிரவு பாலை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, மோரைச் சற்றுக் கூடுதலாக விட்டு, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்தோம். 'இதுவும் ஓர் உறைதானே, அப்பா?' என்றாள். ஆம் என்றேன். காலையில் தயிர் கத்தியால் வெட்டலாம்போல் இறுகியிருந்தது.

மறுநாளே பாட்டிக்கு மீண்டும் எழுதினாள். உறை ஊற்றியது, தயிர் உறைந்தது, கடித உறைக்குத் தபால்தலை ஒட்டியது என ஒவ்வொரு றகரமும் தன் இடத்தில் அழகாக நின்றது. கடைசி வரியில் மட்டும், 'இங்கே குளிர் இன்னும் குரையவில்லை' என்றிருந்தது. நாய்தானே குரைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.