பிள்ளைகளின் பால் டப்பா
(ஜூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



2015 ஏப்ரல் 25-ம் தேதி நேபாளத்தில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தும் சிதைந்தும் போயின. அன்று சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை அன்றுதான். நண்பகலுக்குச் சற்று முன் வந்த அதிர்ச்சி அது. பள்ளி நாளாக இருந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

அந்த மே மாத ஞானோபதேச வகுப்பில் இதைச் சொன்னேன். மறுநாளே ஒரு சிறுவன் பால் டப்பாவில் துளையிட்டுக் கொண்டுவந்தான். ஐஸ் காசு, நுங்குக் காசு எல்லாம் அதில் விழுந்தன. "நம்ம பள்ளிக்கூடத்து ஓடே ஒழுகுதே, சாமி!" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் வரவில்லை. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் சொன்னாள்: "ஒழுகுறதுக்கு நமக்கு ஓடாவது இருக்கே, சாமி."

1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் ஃபோர்பின் ஜான்சன் திருப்பாலர் சபையைத் தொடங்கியபோது பிள்ளைகளிடம் கேட்டதும் இவ்வளவுதான்: நாளுக்கொரு செபம், மாதத்துக்கொரு காசு.

டப்பாப் பணம் மறைமாவட்டம் வழியாகப் போய்ச் சேர்ந்தது. நம் ஓட்டை மாற்றியது மறு ஆண்டில்தான். அந்த மழைக்காலம் முழுவதும் பிள்ளைகள் வாளியை வைத்துக்கொண்டு படித்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, பெற்றோரைத் தவிர!