மாஹுல்: மூச்சும் வீட்டு ஒதுக்கீடும்



மும்பையில் செம்பூரை அடுத்துள்ள மாஹுல், பழைய கோலி மீனவர் கிராமம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் ரசாயனச் சேமிப்புத் தொட்டிகளும் இன்று அதைச் சூழ்ந்து நிற்கின்றன. இத்தகைய இடங்களில் தனித்தனியாக மருத்துவரிடம் செல்பவருக்கு மருந்துச் சீட்டு கிடைக்கும். நோயின் காரணம் எங்கும் பதிவாகாது. 2013இல் கே.இ.எம். மருத்துவமனை நடத்திய ஆய்வு மாஹுலில் இந்நிலையை மாற்றியது. 67.1 விழுக்காட்டினர் மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத்திணறலுக்கு ஆளாவதாகக் கூறினர். ஒருவரின் இருமலை ஒவ்வாமை என்று தள்ளிவிடலாம். மூன்றில் இருவரின் மூச்சுத்திணறலை என்னவென்று தள்ளுவது? அந்த ஆய்வையும் கருத்தில் கொண்டு, மாஹுல், அம்பாபாடா மக்களின் உடல்நலத்துக்குக் காற்றினால் ஆபத்து உள்ளதென 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது.

அதன் பிறகு நடந்ததே கவனத்துக்குரியது. 2017 முதல், தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டு, அதே மாஹுலின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. மாநகரின் குடிநீர்க் குழாய்க்குப் பாதுகாப்பு வேண்டுமாம். அதற்காக உழைக்கும் மக்கள் நஞ்சுக்காற்றைச் சுவாசிக்க வேண்டுமாம்! அரசு ஏடுகளில் இதற்கு 'மறுவாழ்வு' என்று பெயர். வேலையிடமும் பள்ளியும் தொலைவாகிப் போனது தனிக்கதை.

'அனுமதிக்கப்பட்ட வரம்பைக் காற்று மீறவில்லை' என்று எங்கும் எழும் வாதத்தையும் ஆராய வேண்டியுள்ளது. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவீட்டில் இடம்பெற்றவை 12 மாசுகள் மட்டுமே. பென்சீன் உண்டு, மாஹுல் விவகாரத்தில் பேசப்பட்ட டொலுவீன் இல்லை. பட்டியலில் இல்லாத பொருளுக்கு வரம்பும் இல்லை, மீறலும் இல்லை. பென்சீனுக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு ஒன்றே உள்ளது. ஓரிரவு தொட்டியிலிருந்து கசியும் ஆவியில் தவிக்கும் குழந்தையை ஆண்டுச் சராசரி எப்படிக் காணும்?

2018 அக்டோபரில் மாஹுல்வாசிகள் வித்யாவிஹாரில் நடைபாதையில் அமர்ந்து போராடத் தொடங்கினர். மக்களை மாஹுலில் வாழுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது, மாற்று வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த வாடகையை மருத்துவச் செலவாகவே கருதுவது பொருந்தும். நச்சுக்காற்றினால் வரும் நோய்க்கு முதல் சிகிச்சை, நோயாளியை அக்காற்றிலிருந்து அகற்றுவதே. ஆலையை அகற்ற இயலாது என்போர், அதன் நிழலில் ஏழைகளுக்கு வீடு ஒதுக்கியது ஏன் என்பதற்குப் பதில் கூறட்டும்.

குப்பைமேட்டின் அருகிலும் ஆலைச்சுவரை ஒட்டியும் குடியமர்த்தப்பட்ட மக்கள் எல்லா நகரங்களிலும் உள்ளனர். கிளைத் தோழர்கள் அங்கே வீடுவீடாகக் கணக்கெடுக்கலாம். கேட்க வேண்டியவை எளியவை: அங்கு எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார்கள், எந்த நேரத்தில் நாற்றம் மிகுகிறது, யாருக்கு மூச்சு முட்டுகிறது, எத்தனை நாள் கூலி இழந்தார்கள். விடைகளைத் தேதியுடன் குறித்து, ஒரு படியை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.