பல் தடமும் கணக்கும்



நாம் எழுதப் படிக்கக் கற்றோம். கூடவே கணக்கும் கற்றோம். கூலியை எண்ணவும், கடையில் மீதிச் சில்லறை வாங்கவும் கணக்கு உதவுகிறது. ஆனால் ஒரு மனிதரின் உயிரே கணக்கில் தொங்குவதும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். அங்கே ஃபீனிக்ஸ் என்ற நகரம். 1991 டிசம்பரில் அங்கே ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். அவர் உடம்பில் யாரோ கடித்த தடம் இருந்தது. ரே க்ரோன் என்பவர் மேல் போலீசார் சந்தேகப்பட்டார்கள். ஒரு தெர்மோகோல் துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். "இரண்டு தடமும் ஒத்துப் போகிறது" என்று நிபுணர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1992இல் க்ரோனுக்கு மரண தண்டனை கிடைத்தது. மேல் நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. 1996இல் மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. இந்த முறை ஆயுள் தண்டனை.

ஆனால் க்ரோன் கொலை செய்யவே இல்லை!

பிறகு தடம் எப்படி ஒத்துப் போனது? இதை நாமே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரித்துக் கொள்ளுங்கள். அதில் நான்கு புள்ளி வையுங்கள். நீளம் 4 செ.மீ., அகலம் 2 செ.மீ. இருக்கட்டும். நீளம் அகலத்தைப் போல 2 மடங்கு. இதைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் 8 செ.மீ., 4 செ.மீ. ஆகும். அப்போதும் 2 மடங்குதான். விகிதம் மாறவில்லை.

இப்போது டியூபை நீளவாக்கில் இழுங்கள். நீளம் 6 செ.மீ. ஆகலாம். அகலம் ஒன்றரை செ.மீ.யாகச் சுருங்கலாம். இப்போது 4 மடங்கு! விகிதமே மாறிவிட்டது.

நம் தோலும் இந்த டியூப் போலத்தான். கடிக்கும்போது இழுபடும். பிறகு வீங்கும். ஆகவே தடம் கோணலாகிவிடும்.

கோணலைக் கணக்குப் போட்டுச் சரி செய்ய முடியாதா? ஒருவகைக் கோணலைச் சரி செய்யலாம். தடத்தைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோல் வைப்பார்கள். அதில் வட்டம் வரைந்திருக்கும். கேமரா சாய்ந்திருந்தால் படத்தில் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும். அதை மறுபடி வட்டமாக்கும் கணக்கைப் போட்டால், தடத்தின் படமும் நேராகும்.

ஆனால் கடிபடும் முன்பே தோலில் யாரும் வட்டம் வரைந்து வைப்பதில்லை. தோல் எந்தப் பக்கம், எவ்வளவு இழுபட்டது என்பது தெரியாது. தெரியாத அளவை வைத்துச் சரியான விடை காண முடியுமா?

பஃபலோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இறந்தவர்களின் தோலில் ஒரே பல் அச்சைப் பலமுறை பதித்தார்கள். ஒவ்வொன்றையும் அளந்து ஒப்பிட்டார்கள். பல் ஒன்றுதான். தடங்களின் அளவோ வேறு வேறு! அப்படியானால் ஒரு தடத்தைப் பார்த்து, "இவர்தான் கடித்தார், வேறு யாருமில்லை" என்று எப்படிச் சொல்வது?

பல்லால் பயனே இல்லை என்று நினைக்க வேண்டாம். தீயில் கருகிய உடலைக் கூட, பல் மருத்துவர் வைத்திருக்கும் எக்ஸ்ரேயை ஒப்பிட்டு அடையாளம் காண்கிறார்கள். பல் கெட்டியானது. தோலைப் போல இழுபடாது. பல் வேறு, பல் தடம் வேறு.

க்ரோனைக் காப்பாற்றியது டி.என்.ஏ. சோதனை. இறந்த பெண்ணின் உடையில் இருந்த எச்சில் வேறொருவருடையது என்று அது காட்டியது. 2002 ஏப்ரலில் க்ரோன் விடுதலையானார். செய்யாத குற்றத்துக்காக 10 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

2009இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடித் தடத்தை வைத்து ஒருவரை அடையாளம் காட்டும் முறைக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று அது கூறியது.

நண்பர்களே! "நிபுணர் சொல்லிவிட்டார்" என்று நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். "எதை அளந்தீர்கள்? எப்படி அளந்தீர்கள்? எவ்வளவு பிசகு வரும்?" என்று கேட்போம். அப்படிக் கேட்கவும்தான் நாம் கணக்குக் கற்கிறோம்.