ஒரு பிராங் சந்தாவும் ஒரு தேசியப் பூங்காவும்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் செர்னெஸுக்கு, சுவிஸ் தேசியப் பூங்கா பார்க்கக் கூட்டிப்போவம் என்று கேட்டிருந்தேன். “வெள்ளைக்காரன்ரை காட்டிலை எங்களுக்கென்ன அலுவல்? அந்தக் காசுக்கு மண்டபத்திலை ஒரு விருந்து வைக்கலாம்” என்றார் ஒரு அண்ணை. அவருக்குத்தான் இந்தப் பதில்.

அந்தப் பூங்காவுக்குக் காசு சேர்க்கவென்றே 1909இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா ஒரு பிராங். அப்படிச் சேர்ந்த காசு குளுவோட்சாப் பள்ளத்தாக்கின் குத்தகைக்குப் போனது. 1914 ஓகஸ்ட் 1இல் பூங்கா பிறந்தது. அந்தச் சங்கம் புரோ நத்தூரா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. சந்தாப் புத்தகத்தோடை வீடு வீடாய் ஏறி இறங்கிற எனக்கு அந்த ஒரு பிராங்கின்ரை அருமை தெரியும். (எங்கடை ஆக்களிட்டை அதை வாங்கிறது லேசில்லை!)

உள்ளே போகக் கட்டணமில்லை. விழுந்த மரம் விழுந்தபடி கிடக்கும். முன்னர் ஆல்ப்ஸ் மலையில் சுட்டும் நஞ்சு வைத்தும் அழித்த தாடிக் கழுகை 1991இல் அங்கே திரும்பப் பறக்க விட்டார்கள். பாதையை விட்டு இறங்கேலாது, பூப் பறிக்கேலாது, நெருப்பு மூட்டேலாது. ஆகையால் கோழி வாட்டிற யோசனையை விடுங்கோ; சோத்துப் பார்சல் காணும்.

இஞ்சை பிறந்த பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை இந்த நாட்டு வரைபடம் கீறுகினம். தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையிலை ஓடுற நாங்கள், அந்த மலையை அவைக்கு நடந்து காட்ட ஒரு நாள் ஒதுக்கேலாதோ? விருந்தைப் பனிக்காலத்திலை வைப்பம். அப்ப பூங்காவும் பூட்டு.

பஸ் பிடிக்க ஆள்கணக்கு வேணும். வாறவை இண்டைக்கே செயலாளரிட்டைப் பெயர் குடுங்கோ.