வளர்ப்புப் பிள்ளையும் பொதுப்பணியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இல்லறத்தோரும் பொதுப்பணியும்" என்னும் பொருள்பற்றி இன்று பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். ஐந்தாண்டுகட்கு முன்னர் இப்பணி எமக்கு வாய்த்திருப்பின், நூல்களினின்றும் மேற்கோள்களை அடுக்கி ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசியிருப்போம். இப்பொழுது அங்ஙனம் பேச நா எழவில்லை. இப்பொருளை யாம் நாடோறும் வீட்டிற் பயின்று நாடோறும் தவறுகின்றோமாகலின், தேறிய ஆசான்போல் நின்று பேசுதல் எமக்குத் தகாது. தேர்வில் தவறிய மாணாக்கன் தன் விடைத்தாளைத் தானே எடுத்துக் காட்டுவதுபோல இதனைக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

எம் இல்லத்தில் ஐவர் உளோம். யாம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். எம் இல்லாள் கிராம சுகாதாரச் செவிலியர். எம் அன்னையார் மூன்றாண்டுகளாகப் பக்கவாதத்தால் வலப்புறம் இயங்காது, சொல்லும் குழறிய நிலையில் கட்டிலில் இருக்கின்றனர். எம் மகள் மேல்நிலை முதலாம் ஆண்டு படிக்கின்றாள். ஐந்தாமவன் 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு எம் இல்லம் புகுந்த சிறுவன். அவன் பெயரையும், அவன் பிறந்த ஊரையும், அவனைப் பெற்றோர் வரலாற்றையும் யாம் ஈண்டுக் கூறோம். சட்டம் அதனைத் தடுக்கின்றது. சட்டம் தடுக்காவிடினும் அவை அவனுக்கே உரியன. எமக்கு உரியன அல்ல.

இச்சபையில் பலர் அவனை எம் "சுவிகாரப் பிள்ளை" என்கின்றனர். அன்பினாற் கூறுவதே, எனினும் அது பிழை. தத்து வேறு, வளர்ப்பு வேறு. தத்தெடுத்த பிள்ளை பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமையும் எய்தி அக்குடும்பத்தினனே ஆகிவிடுகின்றான். வளர்ப்புப் பராமரிப்போ, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்து 44ஆம் பிரிவின்கண் அமைந்தது. பெற்றோரிடம் வாழ இயலாத குழந்தையை விடுதியில் வைப்பதினும் ஓர் இல்லத்தில் வைத்தல் நலமென்று கருதி, குழு அதனை ஒரு குடும்பத்தினிடம் ஒப்படைக்கின்றது. உணவும் கல்வியும் உடல்நலமும் அக்குடும்பத்தின் பொறுப்பு. பெற்றோர் வந்து காணலாம். அவர் மீண்டும் தகுதி பெற்றனரென்று குழு துணியுமாயின் குழந்தை அவரிடமே செல்லும். ஆகவே அவன் எம்மிடம் எத்துணை ஆண்டு இருப்பானென்பதை யாம் அறியோம். நாளையே போகக்கூடியவனை என்றும் இருப்பவன்போல நேசித்தல் வேண்டும். என்றும் இருப்பான்போலத் தோன்றுபவனை நாளையே வழியனுப்பவும் மனம் கொள்ளல் வேண்டும். இப்பணியின் கடுமை சோற்றிலும் துணியிலும் இல்லை, ஈண்டுத்தான் உள்ளது.

அரசினர் இதற்குத் திங்கள்தோறும் 4,000 ரூபாய் வழங்குகின்றனர். "ஆசிரியருக்கு இது நல்ல வரும்படி" என்று ஒருவர் கூறியதாகக் கேள்வியுற்றோம். அவர் இங்கு வந்திருப்பாராயின், பத்து வயதுப் பிள்ளை ஓராண்டில் எத்துணை முறை செருப்பு மாற்றுவானென்பதைத் தம் இல்லத்தாரிடம் வினவி அறிவாராக. இனி அதனை விடுவோம்.

வாழ்வின் பல கடன்களையும் ஒருங்கே ஆற்றுதற்கு எடுத்துக்காட்டாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பலரும் எம்மிடம் கூறுவதுண்டு. அவ்வம்மையார் மருத்துவர்; இரு மைந்தரின் தாய்; 1927இல் சென்னைச் சட்டமன்றத்திற் புகுந்து அதன் துணைத் தலைவரும் ஆயினர்; 1930இல் ஆதரவற்று வந்த பெண் குழந்தைகட்காகத் தம் இல்லத்திலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்கினர்; 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினர். அவரை யாமும் வணங்குகின்றோம். ஆயினும் இத்தகையோர் வரலாற்றைக் காட்டி, "அவரால் இயன்றது உம்மால் ஏன் இயலாது?" என வினவுதல் முறையன்று. மாலையில் விளக்கேற்றியவர் யார், நோயுற்ற குழந்தையருகே இரவிற் கண்விழித்தவர் யார் என்பனவற்றை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒருவர் பெயரில் நிற்கும் பணிக்குப் பின்னே பெயரில்லாதார் பலர் கை உண்டு. எம் இல்லத்திலும் யாம் மேடையேறும் பொழுதெல்லாம் அன்னையாரைப் புரட்டிப் படுக்கவைப்பவர் எம் இல்லாளே. அவரும் காலை முதல் ஊரூராகச் சென்று தடுப்பூசி இட்டு வந்தவரே. இவ்வுண்மையை யாம் பல்லாண்டு உணர்ந்தோமில்லை.

இனி எம் தவற்றைக் கூறுவோம். 2025ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நம் மாநிலத்தில் தொடங்கியதை யாவரும் அறிவீர். யாம் வாக்குச்சாவடி நிலை அலுவலராக நியமிக்கப்பெற்றோம். ஏறக்குறைய 1,000 வாக்காளர். வீடுதோறும் படிவம் வழங்கல் வேண்டும். நிரப்பியதைத் திரும்பப் பெறல் வேண்டும். அவற்றைக் கைப்பேசியிற் பதிதலும் வேண்டும். கதவு திறவாதார் பலர். "நாளை வாரும்" என்றார் அவரினும் பலர். அத்திங்களிலேயே நம் சங்கத்துத் திருவிழா மலரை அச்சிற்கு அனுப்பும் பொறுப்பும் எம்பால் இருந்தது. இரண்டும் பொதுப்பணியே என்று பெருமிதங் கொண்டு திரிந்தோம்.

ஒரு மாலை, படிவங்களைப் பெற்றுக்கொண்டு நேரே மலர்க்குழுவின் கூட்டத்திற்குச் சென்றோம். அட்டைப்படம் எதுவென்பது பற்றி வழக்கு மூண்டது. இரண்டு மணி நேரம் அதிலேயே கழிந்தது; யாமும் உரத்த குரலிற் பேசினோம். மழை பெய்துகொண்டிருந்தது. இல்லாள் அன்று பயிற்சிக்காக மாவட்டத் தலைநகர் சென்றிருந்தனர். மகள் பாட்டியாரருகே இருந்தாள். பள்ளியினின்றும் சிறுவனை அழைத்து வருவதாக அன்று காலை உறுதி கூறியிருந்தவர் யாமே. அது எம் நினைவிற்கு வந்தபொழுது மணி ஏழேகால்.

பள்ளி வாயிலுக்கு ஓடினோம். வாயில் பூட்டியிருந்தது. எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். கடைக்காரர் பலமுறை உள்ளே வந்து அமருமாறு அழைத்தும், வாயிலைப் பார்க்கவியலாதென்று அவன் மறுத்தானாம். அவன் அழவில்லை, எம்மைக் கடியவுமில்லை. "இங்கேயே நில் என்றீர்கள், நின்றேன்" என்றான். அவ்வளவே.

அன்பர்களே! "இங்கேயே நில்" என்று ஒருவர் கூறிச் செல்ல, நின்று நின்று, ஒருவரும் வாராத நாளொன்று அவன் வாழ்வில் முன்னமே உண்டு. அதற்குமேல் யாம் கூறோம். அதனை அறிந்திருந்தும் அட்டைப்படத்தின் பொருட்டு யாம் அதனை மறந்தோம். எம் மகளை அங்ஙனம் மறந்திருப்பின் வீட்டிற்கு வந்ததும் எம்மோடு சண்டையிட்டிருப்பாள், மறுநாள் மறந்திருப்பாள். அவனோ அதன்பின் ஒரு திங்கள் தன் துணிகளை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டான், அலமாரியில் வைக்கவில்லை. ஏனென்று யாமும் வினவவில்லை. ஒருநாள் எம் அன்னையார் தம் இடக்கையால் அப்பையைக் காட்டி, குழறிய சொல்லால் ஏதோ கூறினர். அவன் ஒருவனுக்கே அவர் மொழி முற்றும் விளங்கும். நாடோறும் மாலையில் அவர்க்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுபவன் அவனல்லனோ! மறுநாள் துணிகள் அலமாரியில் இருந்தன. என்ன கூறினாரென்று இருவரும் எமக்குச் சொல்லவில்லை.

(செய்தித்தாள் படிப்பதனை, இல்லத்தைப் பார்வையிட வந்தவர் ஐயுற்று வினவினர்: "நோயாளியைப் பேணும் வேலை குழந்தைமேல் சுமத்தப்பட்டுள்ளதோ?" என்று. முதலில் எமக்குச் சினம் பிறந்தது. பின்னர் எண்ணிப் பார்த்து, வினவியது முறையே என்று தேறினோம். வினவுவார் இல்லாத இடத்திலன்றோ குழந்தைகள் ஏவலராகின்றனர்!)

அந்நாள் தொட்டு யாம் சில பணிகளை விடுத்தோம். மலர்க்குழுவினின்றும் விலகினோம். மாலை ஆறு மணிக்குமேல் எக்கூட்டத்திற்கும் வருவதில்லையென்று உறுதி பூண்டோம். "ஆசிரியர் சங்கத்தை மறந்தார்" என்று சிலர் வருந்தினர். யாம் மறந்தோமல்லோம், மறத்தற்குரியது எது, ஆகாதது எது என்பதைக் காலந்தாழ்த்திக் கற்றோம்.

ஈண்டு நம் கபிலரை நினைத்தல் தகும். முந்நூறு ஊர்க்குரிய பறம்பின் தலைவன் பாரி மூவேந்தர் முற்றுகையால் மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு அப்பெரும்புலவர் மலையிறங்கினார். விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். இவ்வரலாற்றைப் பல்லாண்டாக வகுப்பிற் கற்பித்துள்ளோம். இருங்கோவேளுக்கு அவர் கூறிய விடையின் ஆழம் அண்மையிலேதான் எமக்குப் புலனாயிற்று. இம்மகளிர் யாரென்னும் வினாவிற்குப் பாரியின் பெருமையைக் கூறுகின்றார். தாம் அவன் தோழர் என்கின்றார். அடுத்து, இவர் தம் மகளிர் என்றே கூறிவிடுகின்றார். புலவர் அந்தணர், பாரி வேளிர் குலத்தவன். பிறப்பால் எவ்வகையினும் மகளாகாதாரைத் தம் மகளிரென அரசவையில் நின்று கூறுதற்கு அப்பெருமகனார்க்கு நா தடுமாறவில்லை.

எமக்கு ஒருமுறை தடுமாறியது. சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பரிசளிப்பு விழாவில், நம்மவர் பிள்ளைகள் யாவரும் மேடைக்கு வருக என்று அழைக்கப்பட்டபோது, எம் மகளோடு அவனும் எழுந்தான். ஒருவர் அவன் தோளைத் தொட்டு, "தம்பி, நீ உட்கார்" என்றார். தீய எண்ணத்தாற் கூறினாரல்லர். விதியை அறிந்தவராகலிற் கூறினார். "அவன் எம் பிள்ளை" என்று எழுந்து கூறியிருத்தல் வேண்டும். யாம் எம் மேலாடையைத் திருத்திக்கொண்டு தரையை நோக்கி அமர்ந்திருந்தோம்.

நம் கல்வி நிதியின் விதி "நம் குலத்திற் பிறந்த மாணாக்கர்" என்கின்றது. அதனை "நம் குலத்தார் இல்லத்தில் வளரும் மாணாக்கர்" எனத் திருத்துமாறு யாம் ஒரு தீர்மானம் அளித்துள்ளோம். முன்னோர் நம்மவர்க்கென ஈந்த பொருளைப் பிறர்க்கு வழங்கலாமோ என்பார்க்கு எம் விடை இது: எம் இல்லத்துச் சிறுவனுக்கு இந்நிதியினின்று ஒரு காசும் வேண்டா, அதனை எழுதியே கொடுத்துள்ளோம். பிறர் சிலர் இப்பணியை மேற்கொள்ள விழைந்து, சங்கத்தார் என்ன சொல்வரோ என்றஞ்சி எம்மிடம் இரகசியமாக வினவினர். அவர் பொருட்டே இதனைக் கேட்கின்றோம். அவர்கட்குப் பணத்தினும் வேண்டுவது மேடைக்கு அழைக்கும்போது ஐயமின்றி எழுந்து வரும் உரிமை.

பிறிதொன்றும் வேண்டுவோம். கூட்டங்கட்கு ஆள் வரவில்லையென்று செயலாளர் வருந்துகின்றனர். நோயாளியுள்ள இல்லங்கள் நம்மிடையே பல உள. கிழமைக்கொருமுறை இரண்டு மணி நேரம் அங்குச் சென்று அமர்ந்திருக்க, சங்கத்தில் முறைவைத்து ஆள் அனுப்பினால், அவ்வில்லத்தார் உறங்குவர். உறங்கியெழுந்தபின் கூட்டத்திற்கும் வருவர். இதற்கு நிதி வேண்டா. ஒரு குறிப்பேடு போதும்.

தீர்மானத்தாள் தலைவரவர்களின் மேசைமேல் இருக்கின்றது. இதுகாறும் பதினொருவர் கையெழுத்திட்டுள்ளனர். வாக்கெடுப்பு உணவிற்குப்பின் என்றனர். யாம் அதுவரை இருத்தற்கில்லை. இப்பொழுது மணி ஐந்தரை; பள்ளியில் அவனுக்கு இன்று விளையாட்டுப் பயிற்சி உண்டு; ஆறு மணிக்கு வாயிலில் நிற்பதாகக் கூறி வந்தோம். எம் வாக்கினைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துச் செல்கின்றோம். விடை தருக.