ஆறு குப்பி மருந்து
(ரெட்டிபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

வேலை முடிந்து சுண்ணாம்புத் தூசியோடு நேரே இங்கு வந்திருக்கும் சுரங்கத் தொழிலாளர்களே,

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வாழ்வைக் கொடுத்த ஒரு மருத்துவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் அல்வாரோ மொராலெஸ். கொலம்பியாவில் பிறந்தவர், கனடாவின் கிங்ஸ்டன் நகரில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவருக்கும் நமக்கும் என்ன உறவு? உங்கள் இடது தோளைத் தடவிப் பாருங்கள். காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு தட்டுப்படும். அந்த மருந்துதான் உறவு.

இந்தப் புற்று பெரும்பாலும் பையின் உள்தோலில்தான் தொடங்கும். கருவி விட்டுச் சுரண்டி எடுத்தாலும், களையெடுத்த கொல்லையில் கோரை முளைப்பதுபோல் திரும்ப முளைக்கும். மொராலெஸ், பி.சி.ஜி.யில் இருக்கும் வீரியம் குறைத்த உயிர்க் கிருமியை மெல்லிய குழாய் வழியே பைக்குள் செலுத்தினார். கிருமியை விரட்ட ஓடிவரும் எதிர்ப்புச் சக்தி, புற்றணுவையும் சேர்த்து அடிக்கும் என்பது அவர் கணக்கு. 1976இல் 9 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். ஏன் ஆறு? மருந்து ஆறு குப்பிகளாகக் கட்டி வந்தது, அவ்வளவுதான்! அந்த ஆறு இன்றும் மாறவில்லை.

அதே காலத்தில் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் என்ன நடந்தது? 1968இல் தொடங்கி, லட்சக்கணக்கானவர்களிடம் இதே பி.சி.ஜி.யைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979இல் தெரிந்தது. நம்பிய இடத்தில் கைவிட்ட மருந்து, யாரும் நினைக்காத இடத்தில் கைகொடுத்தது. ஆனாலும் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைக்க 1990 ஆயிற்று. அதுவரை நோயாளிகளை மறுபடி மறுபடி வரவழைத்து, பைக்குள் பார்த்து, எழுதி வைத்தவர்களின் பொறுமையே மருந்தை நிலைநிறுத்தியது.

நோயாளிக்கும் பொறுமை வேண்டும். மருந்து ஏறியதும் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரம், போகும்போதெல்லாம் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்ற வேண்டும்; வெளியேறுவது உயிருள்ள கிருமி. எல்லாம் முடிந்தாலும், ஆண்டுக்கணக்கில் குழாய்ப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் முதல் முறை வந்தால்தானே மறுமுறை வருவதற்கு! இந்த நோயின் தந்திரம் அங்கேதான் இருக்கிறது. சிறுநீரில் ரத்தம் போகும், வலி இருக்காது. இரண்டு நாளில் தானே நின்றுவிடும். "வெயில்ல வேலை, சூடு பிடிச்சிருக்கு" என்று இளநீர் குடிப்போம். நின்றதற்கு இளநீரைப் பாராட்டுவோம். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீராகி, பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. இந்நோய்க்கு முதல் காரணம் அதுதான்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிறுநீர் சிவந்தால் இளநீர் குடியுங்கள், நான் தடுக்கவில்லை. குடித்த கையோடு அரியலூர் பஸ் ஏறிவிடுங்கள்; ரத்தம் நின்றிருந்தாலும் ஏறுங்கள்.