விளையாட்டில் அவனுக்கும் ஒரு முறை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

பரிசு பெறும் மாணவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். இந்த மேடைக்கு வராத சில பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகம் பார்த்துப் பேச மாட்டான். கார் பொம்மையைக் கவிழ்த்துச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பான். "கிறுக்குப் பிள்ளை" என்று லயத்தில் நாலு பேர் சொல்லிவிட்டால், பெற்றவள் வெட்கப்பட்டு அவனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறாள்.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விளக்கி எழுதினார். இது பேயுமல்ல, தாயின் வளர்ப்புக் குறையுமல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு.

மனிதர் முகம் இப்பிள்ளைகளைக் குழப்பலாம். நாம் சிரிப்போம், முறைப்போம், சத்தம் போடுவோம். பொம்மையோ எத்தனை முறை அமுக்கினாலும் ஒரே பதில்தான் சொல்லும். அதனால்தான் ஷா ஆலமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 'நாவோ' என்ற பேசும் இயந்திரப் பொம்மையோடு இப்பிள்ளைகளைப் பழகவிட்டுப் பார்த்தார்கள். பொம்மை எதிரில் இருந்தபோது சிலரிடம் ஆட்டிசப் பழக்கங்கள் குறைந்ததாக 2012-இல் எழுதினார்கள். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பல்கலைக்கழகம் செய்த 'காஸ்பர்' பொம்மை, அடித்தால் "வலிக்கிறது" என்று சொல்லும். பிறருக்கும் வலிக்கும் என்பதைப் பிள்ளை அதில் கற்கலாம்.

"வாத்தியாரே, அவ்வளவு காசுக்கு நாங்க எங்க போறது?" என்று கேட்பீர்கள். பொம்மை செய்வது பாதி வேலைதான். மீதியைப் பக்கத்தில் உட்காரும் மனிதர்தான் செய்ய வேண்டும். ஒரு பந்து போதும். "இப்ப அம்மா, இப்ப நீ" என்று உருட்டிவிட்டுக் காத்திருங்கள். பல்லாங்குழியில் தங்கச்சியை எதிரே உட்கார வையுங்கள். ரப்பர் கொட்டை வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. புளியங்கொட்டை எடுங்கள், வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கொடுத்துத் தனியே விட்டால் அதோடுதான் பழகுவான், நம்மோடு அல்ல.

அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விகள் கேட்பார்கள். மறைக்காமல் பதில் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் பழக்கலாம்.

மாணவச் செல்வங்களே! திடலில் ஆடும்போது அவனையும் கூப்பிடுங்கள். வராவிட்டால் கோபிக்காதீர்கள், மறுநாளும் கூப்பிடுங்கள். அவனுடைய முறை வரும்வரை காத்திருக்கக் கற்பதும் கல்விதான்.